முள் காட்டைத் தின்ற புழுக்கள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பூனார்கா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் விவசாயிகள் 1936-இல் ஒரு மண்டபம் கட்டினார்கள். யார் நினைவாகத் தெரியுமா? ஒரு பூச்சியின் நினைவாக! காக்டோபிளாஸ்டிஸ் என்பது அதன் பெயர். விளக்கைச் சுற்றிப் பறக்கும் அந்துப்பூச்சி வகைதான். பார்க்க ஒன்றும் பெரிய அழகு இல்லை. அதற்கு ஏன் மண்டபம் என்று தெரிய வேண்டுமானால், முதலில் சப்பாத்திக்கள்ளியின் கதையைக் கேட்க வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த செடி. கொச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சி அதன் மேல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வாழும். அந்தப் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்தக் காலத்து ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு இந்தச் சாயம்தான். அதனால் 1788-இல் ஆஸ்திரேலியாவில் குடியேறப்போன முதல் கப்பல்களிலேயே, பிரேசிலில் வாங்கிய கள்ளியும் பூச்சியும் ஏறிவிட்டன. சாயத் தொழில் தேறவில்லை. ஆனால் அதன் பிறகும் பலர் வேறு வேறு வகைக் கள்ளிகளைக் கொண்டுவந்து வேலியாகவும் தோட்டச் செடியாகவும் வைத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்தச் செடியில் நாம் இலை என்று நினைக்கிறோமே, அந்தத் தட்டையான மடல் உண்மையில் தண்டு. முள்தான் இலையின் மாற்று உருவம். மடலுக்குள் தண்ணீர் சேமிப்பு. பெரும்பாலான செடிகள் பகலில் தோலின் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும்போது, உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போய்விடும். கள்ளி கெட்டிக்காரத்தனமாக இரவில்தான் துளைகளைத் திறக்கும். வாயுவை அமிலமாக மாற்றிப் பத்திரப்படுத்தி, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும். மழை பொய்த்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அதை வெட்டிப் போட்டால்? விழுந்த ஒவ்வொரு மடலும் வேர்விட்டுப் புதுச் செடி ஆகும்! வெட்டுகிறவர் நட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடும். முள் குத்துவதால் மாடுகள் கிட்டே வராது.

1925 வாக்கில் கள்ளி மண்டிக் கிடந்த நிலம் சுமார் 2.4 கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாட்டின் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான்; கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு! விவசாயிகள் வீட்டையும் நிலத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆர்செனிக் விஷத்தைத் தெளித்துப் பார்த்தார்கள். செலவு எக்கச்சக்கம், ஆபத்தும் கூட. விதை பரப்பும் ஈமு பறவைகளைக் கொன்றால் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான பகுதி. செடியைக் கொண்டுவந்தது மனிதன், அடி வாங்கியது ஈமு.

விஞ்ஞானிகள் வேறு விதமாக யோசித்தார்கள். இதே கள்ளி அமெரிக்காவில் ஏன் நாட்டையே விழுங்கவில்லை? அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் உண்டு. செடி மட்டும் கப்பல் ஏறியது. அதைத் தின்பவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களையும் அழைத்துவந்தால் என்ன?

1925-இல் ஆலன் டாட் என்ற பூச்சியியலாளர் அர்ஜென்டினாவிலிருந்து ஏறக்குறைய 2,750 காக்டோபிளாஸ்டிஸ் முட்டைகளை அனுப்பிவைத்தார். முதல் வேலையாக, அவற்றிலிருந்து பொரிந்து வரும் புழுக்கள் பயிர்களையும் தின்னுமா என்று சோதித்தார்கள். வேறு செடிகளைக் கொடுத்தால் அவை பட்டினி கிடந்து செத்தன. கள்ளி வகையைத் தவிர எதுவும் இறங்கவில்லை. பிறகுதான் பெருக்கி, வெளியே விட்டார்கள். முட்டைகளைக் காகிதத் துண்டில் ஒட்டி, குண்டூசியால் மடலில் குத்திவைத்தார்கள்.

தாய்ப்பூச்சி முட்டையிடும் விதமே வேடிக்கை. ஒரு முட்டையின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று எழுபது, எண்பது முட்டைகளைக் குச்சிபோல அடுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு முள். பொரிந்து வரும் புழுக்கள் தனித்தனியாகப் போவதில்லை. மடலின் தோல் கெட்டி. கடித்தால் கொழகொழவென்று சாறு வழியும். எனவே எல்லாம் ஒரே இடத்தில் கூடி, ஒரே ஓட்டை போட்டு, வரிசையாக உள்ளே நுழையும். உள்ளிருக்கும் சதையைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த மடலுக்குத் தாவும். வெறும் தோலாகிப்போன மடல் அழுகித் தொங்கிவிடும். ஏழெட்டு ஆண்டுகளில் அந்த மாபெரும் முள்காடு பெரும்பாலும் சரிந்துவிட்டது. தீனி குறைந்ததும் புழுக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இப்போது அங்கே கள்ளியும் கொஞ்சம் உண்டு, பூச்சியும் கொஞ்சம் உண்டு.

எல்லா முறையும் இப்படி நடக்காது. இதே குவீன்ஸ்லாந்தில் 1935-இல் கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். தேரை வண்டை விட்டுவிட்டது. வாயில் அகப்பட்ட மற்றதையெல்லாம் தின்று பெருகி, தானே பெரிய தொல்லை ஆகிவிட்டது. நம் காக்டோபிளாஸ்டிஸும் சுத்தத் தங்கமல்ல. 1989-இல் அது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளிகள் சொந்த மண்ணின் செடிகள். அங்கு இது வில்லன்.

தென்னிந்தியாவிலும் சப்பாத்திக்கள்ளி வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஒரு காலத்தில் அடைத்துக்கொண்டிருந்தது. இங்கே அந்துப்பூச்சி வரவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியில் ஒரு வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளி அடங்கியது.

அந்தப் பூச்சியின் வாரிசுகளை நீங்களும் பார்க்கலாம். சாலையோரக் கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால், நீளமான ஒரு குச்சியால் அதை நசுக்கிப் பாருங்கள். ரத்தம்போலச் சிவப்புச் சாறு வரும். அதுதான் சாயம். மடலை மட்டும் கையால் தொடாதீர்கள். பெரிய முட்களுக்கு அடியில் மயிர்போன்ற குட்டி முட்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். தோலில் ஏறினால் பிடுங்குவது பெரும்பாடு!