அசல் கேமரோவா, வேடமிட்ட கேமரோவா?

அமெரிக்க 'மஸில் கார்' பிரியர்களிடையே 1969ஆம் ஆண்டின் செவ்ரோலே கேமரோ இசட்/28க்குத் தனி மவுசு. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்குள் அடங்கும்படி 302 கன அங்குல இஞ்சினைப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு தயாரானவை 20,302. அசலுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண கேமரோவுக்கு வேடம் போட்டு விற்பவர்களும் உண்டு.

அவர்களுக்கு வசதி, வண்டி எண் பாதிதான் பேசும் என்பது. முன்கண்ணாடி வழியே தெரியும் தகடு '124379என்' என்று தொடங்கினால், எட்டு சிலிண்டர் கேமரோ கூபே, 1969, ஓஹையோவின் நார்வுட் ஆலை என்று பொருள். எந்த எட்டு சிலிண்டர் இஞ்சின் என்பது அதில் இல்லை. எனவே பானெட்டைத் திறக்க வேண்டும்.

பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சிறு சமதளம் இருக்கும். அங்கே 'வி0315டிஇசட்' என்றிருந்தால், ஃபிளின்ட் ஆலையில் மார்ச் 15 அன்று பூட்டிய இசட்/28 இஞ்சின். அருகில் வண்டி எண்ணின் ஒரு பகுதி. அதைக் குத்தியது கார் ஆலை. இடமும் அச்சும் வேறு என்பதால் இரண்டின் எழுத்துகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே கை குத்தியதுபோல் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

ஆலையின் வெட்டுக்கருவி அந்தத் தளத்தில் மெல்லிய இணைகோடுகளை விட்டிருக்கும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்தால் கோடுகளும் போய்விடும். ஆனால் இஞ்சினைப் புதுப்பிக்க நேர்மையாக முகம் சீவினாலும் அவை மறையும். கோடு இல்லாதது மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது.

அடுத்து தேதிகள். பிளாக்கின் பின்புறம் 'சி 5 9' என்றிருந்தால் 1969 மார்ச் 5இல் வார்த்தது. ஃபயர்வால் தகட்டில் '03டி' என்றால் மார்ச் நான்காம் வாரத்து கார். வார்ப்பு, இஞ்சின், கார் என்ற வரிசை புரண்டால் அந்த இஞ்சின் பிற்பாடு வந்தது.

ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரிலும் தேதிக் குறியீடுகள் உண்டு. அவை முரண்பட்டால் பாகம் மாறியிருக்கிறது. பொருந்தினாலோ, அதே மாதத்து வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். வண்டி எண்ணைச் சுமக்கும் இஞ்சினும் கியர்பாக்ஸும்தான் 'இந்த வண்டியோடு பிறந்தோம்' என்று சொல்ல வல்லவை. அதனால்தான் திருத்தி எழுதும் கை முதலில் அங்கே போகிறது; சோதிப்பவரின் டார்ச்சும் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறது.