கரியமில வாயுவும் பாழுங்கிணறும்

கோலி சோடாவில் பொங்கும் குமிழிகளும், இரவு கரைத்து வைத்த தோசை மாவு விடியலில் எழும்பி நிற்பதும், பாழுங்கிணற்றில் இறங்கியவன் கூவவும் இயலாமல் மூர்ச்சித்து விழுவதும் ஒரே வாயுவின் காரியங்களாகும். அதற்குக் கரியமில வாயு என்று பெயர். எரியும் விறகிலும், மக்கும் சருகிலும், பிராணிகள் விடும் மூச்சிலும் இஃது ஓயாமல் உண்டாகின்றது. காற்றில் பதினாயிரம் பங்குக்கு நான்கு பங்குக்குச் சற்று மேலாகவே உள்ளதாயினும், இச்சொற்பத்தைக் கொண்டே பயிர்கள் யாவும் தம் உடலை வளர்க்கின்றன.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் பப்பாளிக் காம்பின் வழியாக மெல்ல ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள இவ்வாயு சுண்ணாம்புடன் கூடுவதே காரணம். வெள்ளையடித்த சுவர் நாளடைவில் இறுகுவதும் இதனாலேயே.

1767-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோஸப் பிரீஸ்ட்லி என்பவர், பீர் ஊறும் தொட்டிகளின் மேல் தங்கியிருந்த இவ்வாயுவை நீரில் கலந்து சோடாவுக்கு வழிகாட்டினார். கோலிப் புட்டிக்கு ஹைரம் காட் என்பவர் 1872-ல் உரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடுகிறது, சிக்கனமான ஏற்பாடுதான். தீயணைக்கும் கருவிகளிலும் இவ்வாயு பயன்படுகிறது.

இனி முக்கியமான விஷயம். இது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது, நிறமற்றது. ஆகையால் இலைகள் விழுந்து மக்கும் பழங்கிணற்றிலும், மூடிக்கிடந்த தானியக் குழியிலும் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தேங்குகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ந்தால் சில நிமிஷங்களில் அறிவு தப்பும்.

கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கலாகாது. அணையாவிடினும் நம்பிவிடுதல் கூடாது. சுடர் அணையுமுன்பே மனிதனுக்கு மயக்கம் வரக்கூடும். சாக்கடைக் குழியிலோ விளக்கை இறக்கவே கூடாது. அங்கே தீப்பற்றும் வாயுவும் இருக்கலாம். காற்றூதும் இயந்திரத்தால் அடிவரை புதுக்காற்றைச் செலுத்துவதே தக்க முறை. இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருத்தல் வேண்டும்.

விழுந்தவனைத் தூக்கத் தம்பியும், தம்பியைத் தூக்கத் தகப்பனும் இறங்கி மாள்வதே இவ்விபத்துகளின் பெருங்கொடுமை. கயிறு கட்டாமல் ஒருவன் விழுந்துவிட்டால், மேலே நிற்பவர்கள் எவ்வளவு பதைத்தாலும் இறங்காமல், உடனே தீயணைப்புப் படையினருக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வரும்வரை கிணற்றுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும்.