தேவை, கேள்வி, கிராக்கி

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்கள் 'தேவை' என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் 'கேள்வி' என்கின்றன. கடைத்தெருவோ 'கிராக்கி' என்கிறது. சென்னைப் பேச்சில் வாங்க வரும் ஆளுக்கும் அதுதான் பெயர். மூன்றும் ஒன்றல்ல. வீடில்லாதவருக்கு வீடு தேவை. காசோடு வந்து நிற்பவரே கிராக்கி. இந்த இடைவெளியைத் 'தேவை' என்ற சொல் மூடி மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

சென்னை பெருங்குடியில் என் உறவினர் ஒருவருக்கு மாடி வீடு. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. மேல்தளத்தில் இரண்டு போர்ஷனாக இருந்ததை அவர் ஆறு அறைகளாகத் தடுத்தார். "குடும்பத்துக்கு விட்டா வீட்டுக்கு வாடகை, பசங்களுக்கு விட்டா தலைக்கு வாடகை" என்றார். கணக்கில் தப்பில்லை. அங்கே குடியிருந்த அச்சகத் தொழிலாளி குடும்பத்தோடு காலி செய்தார். அவரது தேவை அப்படியேதான் இருந்தது; கிராக்கியாக மட்டும் இல்லாமல் போயிற்று.

வாடகையை நம்பி வாழும் உரிமையாளரும் கிராக்கிக்குக் கட்டுப்பட்டவரே. 15,000க்கு ஆள் வந்தும், 16,000க்குத்தான் விடுவேன் என்று இரண்டு மாதம் பூட்டி வைத்தால் அந்த ஆண்டு கிடைப்பது 1,60,000. உடனே விட்டிருந்தால் 1,80,000.

அப்படியானால் பூட்டிய வீடுகள் ஏன்? 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையோ 1.88 கோடி, அதில் சுமார் 95 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது. 60 லட்சம் போட்டு வாங்கிய வீடு மாதம் 15,000 ஈட்டினால் ஆண்டுக்கு 3 சதவீதம்தான். வங்கிக் கடன் வட்டிக்கே காணாது. இப்படி முதலீடு செய்பவரின் கண் குடியிருக்க வருபவர்மேல் இல்லை, நாளை அதிக விலைக்கு வாங்கப்போகிறவர்மேல் இருக்கிறது. பூட்டும் ஒரு கிராக்கிக்குக் கீழ்ப்படிந்த முடிவுதான்.

காசு இருந்தாலும் போதவில்லை. கேட்ட அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். "நீங்க என்ன ஆளுங்க? கவுச்சி சாப்பிடுவீங்களா?" பதில் சொன்னேன். "வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்றார்கள். டு-லெட் பலகை அடுத்த வாரமும் தொங்கியது. நட்டக் கணக்கையும் மீறி அங்கே சாதி முடிவெடுத்தது. யார் கிராக்கி என்பதைச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை. பேரம் பேசச் சக்தியற்றவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்?

'டிமாண்ட் அப்படி, நாங்க என்ன செய்ய' என்பவரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: யாருடைய டிமாண்ட்? இலங்கைத் தமிழர் அதற்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.