மலையை விட மறுத்த கிராமம்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் அரிட்டாபட்டி என்று ஒரு கிராமம். அங்கே வரிசையாக 7 பாறைக் குன்றுகள். மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து சுனையில் தங்கும், கண்மாய்க்கு வரும். அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது.

இந்த வட்டாரத்தில் 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 250 வகைப் பறவைகள் என்று கணக்கு எடுத்தார்கள். அபூர்வமான லகர் வல்லூறு உண்டு. தேவாங்கு உண்டு. எறும்புத்தின்னியும் உண்டு!

இதனால் 2022 நவம்பரில், 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு "பல்லுயிர் பாரம்பரியத் தலம்" என்று அறிவித்தது. 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் இதுவே முதல் தலம்.

2 வருடத்தில் வந்தது சோதனை. டங்ஸ்டன் வெட்டி எடுக்க, 2,015 ஹெக்டேரை மத்திய அரசு ஏலம் விட்டது. (குண்டு பல்புக்குள் ஒளிரும் கம்பி இருக்கிறதே, அந்த உலோகம்தான்.) தலமும் அதற்குள் அடக்கம்!

கிராம சபைகள் கூடி, "சுரங்கம் வேண்டாம்" என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் மத்திய அரசு, தலத்தை மட்டும் ஒதுக்கிவிட யோசிப்பதாகச் சொன்னது. அது பத்தில் ஒரு பங்குதான். சுற்றிலும் தோண்டிவிட்டால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது? ஜனங்கள் சம்மதிக்கவில்லை.

2025 ஜனவரி 7-ந்தேதி பல கிராமத்தார் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். பெண்களும் திரண்டு வந்தார்கள்.

23-ந்தேதி, ஏலம் அடியோடு ரத்து! ஊரில் ஒரே வேட்டுச் சத்தம். குன்றில் இருந்த வல்லூறுகள்தான் பாவம், மிரண்டிருக்கும்.