கையில் கிரீஸ் படியட்டுமே!

"பையனுக்கு மெக்கானிக்கல்தான் கிடைத்திருக்கிறது..." என்று இழுக்கும் பெற்றோரை நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் ஒரு பக்கம். ஊரை விட்டு வந்து இத்தனை பாடுபட்டது பிள்ளை கையில் கிரீஸ் படியவா என்ற மனக்குறை இன்னொரு பக்கம். அவர்களுக்குத் திருவனந்தபுரத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

அங்கே ஸ்ரீகாரியத்துக்கு அருகில் உள்ள அரசு பொறியியற் கல்லூரி, 1939-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் தொடங்கப்பட்டது. சிவில், எலக்ட்ரிக்கலோடு மெக்கானிக்கலும் அன்றே இருந்தது. இன்று அக்கல்லூரி இணைந்திருப்பது ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு. இராமேசுவரத்துக்காரர் பெயர் அங்கே எப்படி என்று கேட்பவர்களுக்குத் தும்பாவை நினைவூட்ட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பொறியியல் மாணவனுக்கு முதலாண்டிலேயே பட்டறைப் பயிற்சி உண்டு. இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி அராவச் சொல்வார்கள். பார்க்க எளிது! வைஸில் இறுக்கி அரத்தை ஓட்டினால் நடுவில் மேடு விழும், ஓரம் சரியும். உள்ளங்கை கொப்புளித்துவிடும். சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் என்னவென்று புத்தகம் சொல்லும். கைக்குத் தெரிவது அன்றைக்குத்தான். வரைபடத்தில் சுலபமாகக் கோடு போட்டுவிட்டு, செய்பவனைத் திட்டும் பொறியாளர்கள் இந்தப் பாடத்தைத் தட்டிக்கழித்தவர்களாக இருக்க வேண்டும்!

இனி தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அந்த மீனவர் கிராமத்திலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி அது. மாதா கோயிலே அலுவலகம், பிஷப் இருந்த அறையே வரைபட அறை. ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தது. பழுது பார்க்க நேரமில்லை. கலாமும் தோழர்களும் கையாலேயே தூக்கி ஏவுமேடையில் வைத்தார்கள்.

அந்த நகரத்து வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையத்தின் இயக்குநராக 2018-இல் பொறுப்பேற்றவர் நம் குமரி மாவட்டத்து வி. நாராயணன். முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. தனியார் ஆலைகளிலும் வேலை பார்த்து, 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். திரவ ஹைட்ரஜன் பூஜ்ஜியத்துக்குக் கீழே 253 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும். பொருத்து கொஞ்சம் பிசகினாலும் கசியும். அதாவது அதே அரப் பாடம்தான்! 2025 சனவரியில் அவர் இஸ்ரோ தலைவரானார்.

ஆகவே கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர் வேலைவாய்ப்புப் பட்டியலோடு திரும்பிவிடாமல் பட்டறையையும் காட்டச் சொல்லுங்கள். லேத் எத்தனை, ஒரு லேத்துக்கு மாணவர் எத்தனை பேர், இரண்டாம் மூன்றாம் ஆண்டிலும் கைவேலை உண்டா என்று கேளுங்கள். லேத் பளபளவென்று தூசியில்லாமல், அடியில் ஒரு இரும்புச் சுருள்கூட இல்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைத் தும்பாவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த மாதா கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.