சேதி வந்தது, ரயில் நின்றது!



இரண்டு ரயில்களின் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். இரண்டும் நம் தென்கோடிக் கடலோரத்தில் ஓடியவை. இரண்டும் டிசம்பர் மாதத்து இரவில், கொட்டும் மழையில் புறப்பட்டவை. ஒன்று கடலுக்கு இரையாயிற்று. மற்றொன்று நின்றது, பிழைத்தது. எஞ்சின் பழுதா? ஓட்டுநர் குறையா? இரண்டும் இல்லை. ஒன்றுக்குச் சேதி வரவில்லை, மற்றொன்றுக்கு வந்தது. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த வேறுபாட்டின் விலை, நூற்றுக்கணக்கான உயிர்!

1964, டிசம்பர் 22. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பியது 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி. கணக்கில் வந்தவர்கள் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். ஊரை நெருங்கும் நேரத்தில் சிக்னல் செத்துக் கிடந்தது. போவதா, நிற்பதா? சொல்ல ஆளில்லை, கேட்கக் கம்பியில்லை. ஓட்டுநர் காத்திருந்தார். ஊதலை ஊதிப் பார்த்தார். பிறகு இருட்டில் வண்டியை நகர்த்தினார். பொங்கி எழுந்த கடல் வண்டியை வாரிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். ரயில்வே தலைமையகம் வாய் திறக்க இரண்டு நாளாயிற்று. அதுவும் மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் அனுப்பிய தகவலை வைத்துத்தான். ஒரு ரயில் வண்டி காணாமற் போயிற்று! ரயிலடியும், துறைமுகமும், அஞ்சலகமும், பள்ளியும் இருந்த ஓர் ஊரே இரவோடு இரவாக அழிந்தது! ஆயினும் நாட்டுக்குச் சேதி எட்ட நாள் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கம்பி அறுந்ததும் கண்ணும் காதும் அறுந்துபோயின.

இப்போது இரண்டாவது ரயிலைப் பாருங்கள். 2023, டிசம்பர் 17. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வானம் பிளந்தது போல் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர். வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற வேளையில், முன்னே தண்டவாளத்தின் அடியிலுள்ள சரளைக்கல்லை வெள்ளம் அரித்துவிட்டது என்ற சேதி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நிலைய அதிகாரி வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்தார். பயணிகள் தவித்தார்கள், பசித்திருந்தார்கள், அக்கம்பக்கத்து ஊர் மக்கள் சோறு பொங்கி எடுத்து வந்தார்கள். 19ஆம் தேதிதான் மீட்பு முடிந்தது. துன்பம் உண்டு, ஆனால் வண்டி கவிழவில்லை. ஒரு சேதி, 800 உயிர்!

சேதி என்றால் ஏதோ பொழுதுபோக்கு, வீண் அரட்டை என்று எண்ணுவோர் இந்த இரண்டு வண்டிகளையும் நினைத்துப் பார்க்கட்டும். வெள்ளத்தில் அரிசி மூட்டை உயிர் காக்கும்; படகு உயிர் காக்கும். ஆனால் அரிசி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், படகு எந்தக் கூரைக்குப் போக வேண்டும் என்று சொல்ல முதலில் ஒரு குரல் வேண்டுமல்லவா?

அந்தக் குரல் எப்படி நின்றுபோகிறது? செல்போன் கோபுரம் வானத்தைத் தொட நிற்கிறது. ஆனால் அதற்கும் சோறு வேண்டும். மின்சாரமே அதன் சோறு. மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாக்குப் பிடிக்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் தீர்ந்தால்? சாலை மூழ்கி லாரி வர வழியில்லை என்றால்? கோபுரம் நிற்கும், குரல் நிற்காது! மரம் வேரோடு சாயும்போது மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழைக் கேபிளும் அறுபடும். அப்போது மின்சாரம் இருந்தும் பயனில்லை.

2015 டிசம்பரில் சென்னை இதைக் கண்டது. மாடியில் நின்றவர் கையில் விலையுயர்ந்த போன் இருந்தது. போனில் உயிர் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் போயிற்று, கம்பமும் போயிற்று, கோபுரத்தின் மூச்சும் போயிற்று. ஊர் என்ன ஆயிற்று என்று கேட்டு வெளியூர் மகன் போட்ட போன் அடிக்கவே இல்லை.

இங்கேதான் ஓர் உண்மையை நாம் உணர வேண்டும். ஊமையாகிப் போன ஊரும் ஒரு சேதி சொல்கிறது! “உதவி வேண்டும்” என்று கூவும் ஊருக்குக் கூவும் வலுவாவது மிச்சம் இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லாத ஊரில்தான் அடி பலமாக விழுந்திருக்கும். 1964இல் தனுஷ்கோடியின் ஊமைத்தனத்தைப் படிக்க ஆளில்லை. இன்று அதைப் படிக்கக் கருவி இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எந்தக் கோபுரம் பேசுகிறது, எது மின்சாரம் இழந்தது, எது அணைந்தது என்று திரையில் தெரியும். அந்தத் திரையை மாவட்ட ஆட்சியரின் மேசையில் வையுங்கள்! அணைந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முதல் படகை அனுப்புங்கள்! கண்காணிப்பு என்ற சொல்லுக்கு மக்கள் பக்கம் நின்று பொருள் சொன்னால் இதுதான்.

கரையில் இந்தக் கதை என்றால், கடலில்? 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகில் வீறுகொண்டது. எச்சரிக்கை விடுத்தார்கள், யாருக்கு? கரையில் இருந்தவர்களுக்கு! தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். செல்போன் அங்கே எட்டாது. படகிலுள்ள வயர்லெஸ் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம்தான் பேசும். புயல் வருவது ஊருக்குத் தெரிந்தது. புயலின் வாய்க்குள் இருந்தவனுக்குத் தெரியவில்லை! குமரி மாவட்டமும் கேரளமும் நூற்றுக்கணக்கான மீனவரை இழந்தன. அவர்களைக் கொன்றது காற்று மட்டுமா? எட்டாத சேதிக்கும் அதில் பங்குண்டு.

அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் சேதி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி படகுகளுக்கு வந்தது. 1 லட்சம் மீன்பிடிக் கலங்களில் 364 கோடி ரூபாய் செலவில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் திட்டம் தாளில் ஏறினால் போதாது. படகில் ஏற வேண்டும்! ஏறிய கருவி வேலை செய்கிறதா என்று ஆண்டுதோறும், புயல் பருவம் பிறக்குமுன், துறைமுகத்துக்கே வந்து சோதித்துச் சொல்ல வேண்டும்.

பெரிய கருவி வரும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது. 2004 டிசம்பர் 26ஐ எண்ணிப் பாருங்கள். சுமத்திராவில் நிலம் நடுங்கியது காலை ஆறரை மணி வாக்கில். நம் கரையை அலை தாக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இரண்டு மணி நேரம்! ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்றொரு மீனவ ஊர். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் அங்கே செய்தி கண்டு ஊருக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் இருந்தது. அதில் கடல்நிலை சொல்லும் ஒலிபெருக்கி இருந்தது. ஒலிபெருக்கி அலறியது, மக்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. சுமார் 3,600 பேரும் தப்பினார்கள். ஒரு போன், ஒரு குழாய் ஒலிபெருக்கி. ஓர் ஊர் பிழைத்தது!

அதே நாளில் அந்தமானில் தொடர்பு அறுந்தது. அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் குழுவினரும் தம் கருவியை அவசரச் சேதிக்குத் திருப்பினார்கள். தீவில் சிக்கியவர் நலத்தை வெளியுலகுக்குச் சொன்னது அந்தக் கம்பியில்லா வானொலி. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. கடலடியில் அழுத்தமானிகள் வந்தன. 2023இல் நம் செல்போன்கள் ஒருசேர அலறிய சோதனையும் நடந்தது. நல்லது. ஆனால் கோபுரம் அணைந்தால் அந்த அலறலும் அணையும். எனவே ஒன்று போனால் இன்னொன்று. அது போனால் மற்றொன்று. கயிற்றுக்குப் பல புரி இருப்பது போல் சேதிக்கும் பல வழி வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. புயல் எச்சரிக்கை வந்த உடனேயே தாழ்ந்த பகுதிக் கோபுரங்களில் டீசல் நிரப்ப வேண்டும். ஒரு நிறுவனத்தின் கோபுரம் விழுந்தால் மற்ற நிறுவனத்தின் கோபுரம் அந்த மக்களின் அழைப்பை ஏற்க வேண்டும். 2023 பிபர்ஜாய் புயலின்போது குஜராத்தில் செய்தார்கள், எல்லாப் புயலிலும் செய்யட்டும். ஒவ்வொரு கடலோர ஊராட்சியிலும் பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி வேண்டும். அது கோவிலில் இருந்தாலென்ன, பள்ளிவாசலில் இருந்தாலென்ன, தேவாலயத்தில் இருந்தாலென்ன? குரல் ஒன்றே!

இன்னொன்றும் கேட்கிறோம்; இதை அழுத்திச் சொல்கிறேன். அறுந்த கம்பியை ஒட்டுபவன் யார்? மந்திரியா? மேலாளரா? இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன்! சேற்றில் இறங்கிக் கேபிளைத் தேடும் ஒப்பந்தத் தொழிலாளி! 1964 புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைச் சீர் செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடிந்தது. கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் தூக்கி வைத்தவை தொழிலாளர் கைகள். அந்தக் கைகளுக்கு ரப்பர் கையுறையும், தலைக்கவசமும், காப்பீடும், உரிய கூலியும் கொடுத்துவிட்டுப் பிறகு பாராட்டு விழா நடத்துங்கள்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. ஒலிபெருக்கியின் அருமை மேடை போட்டுப் பழகிய உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஐப்பசி பிறக்குமுன் உங்கள் தெருவில் தனியே வாழும் முதியவர் யார், நடக்க முடியாதவர் யார், கடலுக்குப் போனவர் எவர் என்று பட்டியல் எடுங்கள். பக்கத்து ஊருக்குச் சேதி கொண்டு போக சைக்கிள் ஓட்டத் தெரிந்த இருவரைக் குறித்து வையுங்கள். புயல் ஓய்ந்த முதல் மணி நேரத்தில், குரல் வராத வீட்டின் கதவை முதலில் தட்டுங்கள்!