கடற்காற்றைத் தாங்கும் என்ஜின் மெருகு எது?

பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றுவிட்டன. அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் சொந்த உபயோகத்துக்கு இந்தப் பழைய வண்டிகளை வாங்கி, என்ஜினை இறக்கி, பாகங்களைப் புதிதாகக் கடைந்து மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்களும் இதில் உண்டு. பானெட்டைத் திறந்தால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

ஆசையில் தப்பில்லை. ஆனால் பட்டறைக்காரர், "குரோம் போடட்டுமா, பவுடர் அடிக்கட்டுமா?" என்று கேட்கும்போது கூலியையும் பளபளப்பையும் மட்டும் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதைத் துடைக்கப் போவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மும்பையில் மழை நான்கு மாதம் என்றால் உப்புக் காற்று பன்னிரண்டு மாதம். டில்லியிலோ பெங்களூரிலோ ஐந்து வருஷம் நிற்கும் மெருகு இங்கே இரண்டு மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம்.

குரோம் என்னும் மெல்லிய திரை

முலாம் பூசிய பாகத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது குரோம். உண்மையில் காவல் காப்பது அதன் அடியில் உள்ள நிக்கல். அலங்கார குரோமின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரான் கூட இருக்காது. நம் தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். அந்த மெல்லிய திரையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் துளைகளும் உண்டு. உப்பு நீர் அதன் வழியே இறங்கும். நிக்கல் கனமாக இருந்தால் தாங்கும். கூலியைக் குறைக்க நிக்கலைக் குறைத்திருந்தால், இரும்புப் பாகத்தில் மிளகு தூவியதுபோல் துருப்புள்ளி கிளம்பிவிடும்.

அலுமினியத்தில் கதை இன்னும் மோசம். ஈரம் அடியில் போய்விட்டால் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்து, முலாம் செதில் செதிலாக உரியும். ஒட்டுப் போட வழியில்லை. பழைய முலாமை முழுக்க உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முலாம் பூசாமல் அலுமினியத்தையே பஃப் அடித்துக் கண்ணாடியாக்குவது இன்னொரு வழி. போட்ட அன்று இதற்கு ஈடு கிடையாது. சில வாரங்களில் மங்கும். மறுபடி பாலிஷ், மறுபடி துணி. மங்காமலிருக்க மேலே வார்னிஷ் அடித்தால், என்ஜின் சூட்டில் அது மஞ்சளாகி ஓரத்தில் கிளம்பும். துடைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றது. காலை 7.42 லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

குரோமைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முலாம் பட்டறைகளில் நிற்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. குரோமிக் அமிலத் தொட்டியிலிருந்து எழும் ஆவியில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். அதை நாள்தோறும் சுவாசித்தால் மூக்கின் நடுத்தண்டில் புண்ணாகி ஓட்டை விழும். நுரையீரல் புற்றுநோயும் வரும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1990-லேயே இதை மனிதனுக்குப் புற்றுநோய் தருவதென்று உறுதியாகப் பட்டியலிட்டுவிட்டது. தொட்டியின் ஓரத்தில் ஆவியை உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா, கையுறை, முகமூடி இருக்கிறதா என்று வேலை பார்ப்பவரும் கேட்க வேண்டும். வேலை கொடுப்பவரும் பார்க்க வேண்டும். ட்ரைவேலன்ட் குரோமியத்தில் பூசும் முறையும் இருக்கிறது. அதில் அபாயம் வெகுவாகக் குறைவு. நிறம் சற்றே கருமை தட்டும், அவ்வளவுதான்.

பவுடர் பூச்சு

அதிகம் பராமரிக்காமல் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ராக்கர் மூடி, ஏர் கிளீனர் டப்பா, தகட்டில் செய்வித்த பிராக்கெட் ஆகியவற்றுக்குப் பவுடர் பூச்சுதான் முதல் சிபாரிசு. மின்னேற்றம் கொடுத்த பவுடரைத் தூவி, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சுட்டு உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். கனம் அறுபது, எண்பது மைக்ரான் வரும். என்ஜினின் மேல்பாகச் சூடு அதை ஒன்றும் செய்யாது. பெட்ரோல் சிந்தினால் உடனே துடைத்தால் போதும். ஈரத் துணியே பராமரிப்பு.

பாலியெஸ்டர் பவுடரா, எபாக்சியா என்று கேட்டு வாங்குங்கள். எபாக்சி ரசாயனத்தைத் தாங்கும், வெயிலில் சுண்ணாம்புபோல் வெளுக்கும். நிறத்தில் என் கட்சி இளஞ்சாம்பல், அதுவும் பாதிப் பளபளப்பு. எண்ணெய் கசிந்தால் அதில் உடனே தெரியும். கறுப்பில் கசிவு ஒளிந்து கொள்ளும். சொரசொரப்பான சுருக்கப் பூச்சில் கைரேகை தெரியாது என்பார்கள். ஆனால் எண்ணெயும் தூசியும் அந்தச் சுருக்கங்களில் குடியேறினால் பல் துலக்கும் பிரஷ்தான் கதி.

இதில் அபாயம் பூச்சில் இல்லை, பூச்சுக்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது. பழைய பெயிண்டை எடுக்க மணலோ கண்ணாடி மணியோ வீசி அடிக்கிறார்கள். ராக்கர் மூடியின் உட்புறத்தில், எண்ணெய் தெறிக்காமல் தடுக்க ஒரு தகடு வைத்திருப்பார்கள். மணல் அதன் பின்னால் போய் ஒளிந்து கொள்ளும். கழுவினாலும் எளிதில் வராது. மாட்டி ஓட்டினால் எண்ணெயில் கலந்து நேரே பேரிங்குக்குப் போகும். ஒரு மூடியின் அழகுக்காக ஒரு என்ஜினையே இழக்க நேரும். ஆகவே உட்புறத்தை அடைத்து அடிக்கச் சொல்லுங்கள். அல்லது மணலே வேண்டாம், மருந்தில் ஊறவைத்துப் பெயிண்டை எடுக்கச் சொல்லுங்கள். அலுமினியமென்றால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் மட்டும் போடவிடாதீர்கள். அது உலோகத்தையே தின்றுவிடும்.

வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் வருஷக்கணக்கான எண்ணெய் ஊறியிருக்கும். பூசுவதற்கு முன்பே ஒரு முறை சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூச்சில் அப்பளம்போல் கொப்புளம் எழும். கேஸ்கட் உட்காரும் முகத்திலும், மறையிலும், போல்ட் தலை அமரும் இடத்திலும் பவுடர் படக்கூடாது. பட்டால் எண்ணெய் கசியும், போல்ட் தளரும். எர்த் ஒயர் மாட்டும் இடமும் வெறும் உலோகமாக இருக்கட்டும். பவுடர் மின்சாரத்தைத் தடுக்கும். பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் மட்டும் முனகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

லேத்தில் கடைந்தால்...

அலுமினியக் கட்டியிலிருந்து லேத்தில் கடைந்து வாங்கும் புல்லி, மூடி, பிராக்கெட் இவற்றுக்கு அனோடைசிங் நல்லது. இது மேலே ஒட்டும் பூச்சல்ல. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றுகிறார்கள். அதனால் உரிவதென்ற பேச்சே இல்லை. சாயம் ஏற்றிய சிவப்பும் நீலமும் சூட்டிலும் வெயிலிலும் வெளுக்கும். சாயமில்லாத வெள்ளி நிறமே நீடிக்கும். வார்ப்புப் பாகத்தை இதற்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள சிலிக்கான் காரணமாகத் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்து வரும். பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு பல நூறு டிகிரி. பவுடர் கருகும், குரோம் நீலம் பாயும். அதற்கென்று உள்ள செராமிக் பூச்சு விலை அதிகம். கட்டாவிட்டால் உயர்சூட்டுப் பெயிண்டை அடித்து, வருஷம் ஒரு முறை திரும்ப அடித்துக் கொள்ளலாம். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு நல்ல என்ஜின் எனாமல் போதும்.

போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் சிக்கனமானது. துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஆனால் சிலிண்டர் ஹெட் போல்ட் போன்ற வலுவான எஃகுப் போல்ட்டுகளை அழகுக்காக முலாமுக்கு அனுப்பாதீர்கள். தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, முறுக்கும்போது கண்ணாடிபோல் முறியச் செய்யும். அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் போடுகிறவர்கள் மறையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவிக் கொள்ளட்டும். உப்புக் காற்றில் இரண்டும் கட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

பிளாக்கைப் பட்டறையில் விடும் முன், அதில் அடித்திருக்கும் என்ஜின் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் டேப் ஒட்டி, மணலோ சாணையோ கனத்த பெயிண்டோ படக்கூடாது என்று வாய்ச்சொல்லாக இல்லாமல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சொந்தக் காருக்கு 15 வருஷத்துக்குப் பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்ப்பது மெருகை அல்ல, அந்த நம்பரை.